முட்டைக்கோசுப் பூரணம்

"இன்னும் பொடியா" என்றான் விஜயராஜ்.

சரிதா கத்தியை நிறுத்தினாள். சுரங்கத்துக் காண்டீனில் சாக்குச் சாக்காக முட்டைக்கோசு அரிகிறவள் அவள். காலை ஷிப்டுக்குக் கூட்டு, இரண்டாம் ஷிப்டுக்குப் பொரியல் என்று வருஷக்கணக்காக அரிந்து தள்ளியிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவளுக்குக் கோசு அரியச் சொல்லித்தர ஆள் வந்திருக்கிறது, அதுவும் போலந்திலிருந்து பிளேன் ஏறி. வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கோசையே பார்த்துக்கொண்டு மறுபடி அரிந்தாள்.

விஜயராஜ் வேறு யாருமில்லை, அவளுடைய புருஷன்தான். போலந்து நாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த ஊர்க் கொழுக்கட்டையை உறைய வைத்துப் பாக்கெட் போட்டு விற்கிற தொழிற்சாலை அது. கிளம்பும்போது அவன் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ரெண்டே வருஷம். அதுக்குள்ள பேப்பர் போட்டு ஒன்னையும் புள்ளையும் கூப்டுக்கறேன். இல்லன்னா நானே வந்துடறேன்." ரெண்டு வருஷம் போய் மூன்றாவதும் பாதி ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கேட்பாள். "பேப்பர் போட்டிருக்கேன், வரும்" என்பான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பையன் பேப்பர் போட்டு, அவன் பெண்டாட்டி உமாராணி போய்ச் சேர்ந்து, அங்கே பனியில் நின்று போட்டோ எடுத்து அனுப்பி அதுவே பழசாகிவிட்டது. சரிதாவின் பேப்பர் மட்டும் எந்த ஆபீசில் எவன் காலடியில் கிடக்கிறதோ தெரியவில்லை.

இப்போது லீவில் வந்திருக்கிறான். வந்தவன் நேராகப் பெண்டாட்டியிடம் உட்கார்ந்து பேச வேண்டியதைப் பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பேசவில்லை. அதற்குப் பதிலாக, ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சிநேகிதர்களையெல்லாம் கூப்பிட்டு அந்த ஊர்க் கொழுக்கட்டை செய்து போடுகிறேன் என்று கிளம்பிவிட்டான். பார்ட்டிக்குக் காரணமும் இருந்தது. அவன் பர்மனென்ட் ஆகியிருந்தான்.

அந்தச் சொல்லைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. நெய்வேலியில் பர்மனென்ட் என்பது வேலையின் வகை இல்லை, மனிதனின் வகை. குவார்ட்டர்ஸ் யாருக்கு, ஆஸ்பத்திரி யாருக்கு, பெண் யார் கொடுப்பார்கள் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் தீர்த்துவிடும். சரிதாவின் அப்பா கடைசி வரைக்கும் காண்ட்ராக்ட். "அடுத்த வருஷம் பர்மனென்ட்" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். சரிதாவும் காண்ட்ராக்ட்தான். காண்டீனில் அவள் பேர் சீனியாரிட்டியில் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது. போன மாதம் ஒரு விடியற்காலையில், வீட்டு வாட்சப் குரூப்பில் "எனக்கு பர்மனென்ட் ஆயிடுச்சு" என்று விஜயராஜ் போட்டான். மாமனார் கொளஞ்சிநாதன் லுங்கியோடு வாசலுக்கு ஓடி பிளாக் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார். சரிதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மெயின் பஜாரில் லட்டு வாங்கிக்கொண்டு போய்க் காண்டீன் முழுக்கக் கொடுத்தாள். எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பாத்திரம் தேய்க்கிற அம்சவல்லி மட்டும் லட்டைப் பாதி கடித்துக்கொண்டு, "அங்கியே பர்மனென்ட்டுன்னா, அப்ப இங்க வரமாட்டாரா?" என்று கேட்டாள்.

சரிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் புத்தி எங்கே போனது? தன் வாயில் மண் விழுந்த சேதிக்குத் தன் கையாலேயே லட்டு கொடுத்திருக்கிறாள். அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. அவன் மேல் பாதி, தன் மேல் பாதி என்று எரிந்துகொண்டே இருந்தது.

"இந்தப் பலகாரத்துக்கு என்னடா பேரு?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் கலியம்மாள் அடுக்களைக்குள் வந்தாள். முழங்கால் வலியால் நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"பியெரோகிம்மா."

"ரோகியா? திங்கிற பொருளுக்கா ரோகின்னு பேரு வப்பாங்க? திங்கறவனுக்குத்தான் அந்தப் பேரு வரும்."

"அது அவங்க பாஷம்மா."

"நீ காட்டுன போட்டோவுல சோமாசு மாதிரி இருந்துது. சோமாசுன்னே சொல்லிட்டுப் போவேன்."

விஜயராஜ் மைதாவில் வெந்நீரும் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசைந்தான். பிசைந்ததை ஈரத்துணி போட்டு மூடினான். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்தான். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, சரிதா அரிந்த கோசைப் போட்டு நீர் சுண்டும்வரை கிளறினான். நீர் நின்றால் கொதிக்கும்போது பிளந்துகொள்ளும் என்றான். சரிதா பச்சைமிளகாயை எடுத்தாள். கூடாது என்றான். கறிவேப்பிலையை எடுத்தாள். அதுவும் கூடாதாம். உப்பும் மிளகுத்தூளும் மட்டும்தானாம்.

"கறி போட்டாத்தான் இன்னும் டேஸ்ட்டா இருக்கும். பெரியண்ணன் ஐயா வர்றாரேன்னுதான் கோசு" என்றான்.

பெரியண்ணன், கொளஞ்சிநாதனோடு ஒன்றாகக் காண்ட்ராக்டில் சேர்ந்து, ஒன்றாக கேட் முன்னால் படுத்து ஸ்டிரைக் பண்ணி, ஒன்றாகப் பர்மனென்ட் ஆனவர். வடலூர் சபைக்குப் போகத் தொடங்கிய பிறகு கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. சங்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மாவை விரித்து எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டினான். ஒரு வட்டத்தில் பூரணத்தை வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை விரலால் கிள்ளிக் கிள்ளி மூடினான். நன்றாகத்தான் வந்தது. சரிதாவால் அதைக்கூடப் பொறுக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தவன் இல்லை.

"பாக்டரியில மெஷின்தானே செய்யும்னீங்க. கையில செய்ய எங்க கத்துக்கினீங்க?" என்று கேட்டாள்.

"ஹவுஸ் ஓனரம்மாகிட்ட. ஹலினான்னு பேரு, வயசானவங்க. ஞாயித்துக்கிழமை ஆனா கூப்டுவாங்க. ரெண்டு பேரும் உக்காந்து செய்வோம். அவங்களுக்கு முழங்கால் வலி, நிக்க முடியாது. பாத்திரம்லாம் நான்தான் தேச்சு வெப்பேன். கெழங்கு உரிக்கிறது, தரை துடைக்கிறது எல்லாமே நான்தான். அங்க அப்படித்தான், ஆம்பள பொம்பளன்னு கெடையாது."

பெருமையாகவே சொன்னான். அதுதான் கொடுமை. கிழங்கு வேகவைத்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்ற கலியம்மாள் நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

பத்துப் பன்னிரண்டு கொழுக்கட்டை கிள்ளியிருப்பான். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனவன் போனவன்தான். தட்டு நிறைய வட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன. சமைக்கிறவன் அவன் என்று ஊருக்கெல்லாம் பேர், கிள்ளி முடிக்கிறவள் இவள். ஆத்திரத்தோடு கிள்ளினாள். கோபத்தில் கிள்ளியதாலோ என்னவோ ஓரமெல்லாம் நன்றாகவே மூடிக்கொண்டது.

கிள்ளி முடித்து ஹாலுக்குப் போனாள். அவன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்த கேக்கணும்" என்றாள்.

"ஆளுங்க வர நேரம். அப்பறம் பேசலாம்."

"வந்து ஒரு வாரம் ஆவுது. டெய்லி அப்பறம்ங்கறீங்க. எங்கள எப்ப கூட்டிக்கினு போறீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"பேப்பர் போட்டிருக்கேன்னு சொன்னேன்ல. பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். இதுக்கு மேல எப்படி தமிழ்ல சொல்றது?"

அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சரிதா திரும்பி அடுக்களைக்கு வந்தாள். வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அண்டாவில் தண்ணீரை நிரப்பி அடுப்பை முழுசாகத் திருகிவிட்டாள்.

பெரியண்ணன் வந்தார், பிளாக்கில் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோருமே சுரங்கத்தில் தோலைக் கருக்கியவர்கள். ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்ட கொழுக்கட்டைகள் முதலில் மூழ்கி, வெந்ததும் மிதந்து வந்தன. அவற்றை வடித்து வெண்ணெயில் புரட்டி, பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தை மேலே தூவிக் கொடுத்தனுப்பினாள். தொட்டுக்கொள்ள அந்த ஊரில் புளித்த கிரீமாம், இங்கே வடிகட்டிய தயிர். எடுத்துப்போய் வைத்தவன் விஜயராஜ்.

"பலே" என்றார் பெரியண்ணன். "காரம்தான் இல்ல. ஆனா வாயில போட்டா கரையுது. கொளஞ்சி, ஒன் புள்ள கைல வித்த இருக்குதுய்யா."

கொளஞ்சிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். "நாம பர்மனென்ட் ஆவ எத்தன வருஷம் கெடந்தோம். இவன் ரெண்டரை வருஷத்துல வெள்ளக்காரன் நாட்டுல பர்மனென்ட் ஆயிட்டான். இனி எனக்கென்ன கவலை? வர்ற மே மாசம் ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு நெல்லிக்குப்பம் பக்கத்துல நம்ம ஊருக்கே போயிடறோம். வூட்டப் பூசி வச்சாச்சி. நான், அவ, மருமவ, பேத்தி. மருமவ கூடவே இருந்து பாத்துக்குவா. இவன் நிம்மதியா அங்க சம்பாரிக்கட்டும்."

ஊருக்குப் போகிறோம் என்றதும், கதவருகே நின்றுகொண்டிருந்த கலியம்மாள் கையிலிருந்த தயிர்க்கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவளிடமும் இதை யாரும் கேட்டிருக்கவில்லை. மாமியாரும் நாத்தனார்களும் நிறைந்த அந்த வீட்டிலிருந்து என்றைக்கு இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தாளோ அன்றைக்குத்தான் தனக்கு மூச்சு வந்தது என்று அவளே சரிதாவிடம் சொல்லியிருக்கிறாள்.

சரிதா இரண்டாவது ஈடைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"வாம்மா" என்றார் பெரியண்ணன், நல்ல மனசோடுதான். "மாசக் கடைசியோட காண்டீன விட்டு நிக்கிறியாமே. கொளஞ்சி சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு வந்ததா சொன்னான். சரிதான், போதும்மா. எத்தன நாளுதான் சாக்கு சாக்கா அரிஞ்சிகினு இருப்ப."

சரிதா வெங்காயக் கிண்ணத்தோடு அவர் பக்கம் திரும்பினாள். "யாரு நிக்கிறது?" என்றாள்.

பெரியண்ணன் கொளஞ்சிநாதனைப் பார்த்தார். கொளஞ்சிநாதன், "இல்லம்மா, சொல்லலாம்னுதான் இருந்தேன். ஊருக்குப் போனா அங்கருந்து எப்படி வேலைக்கு வருவ? அதான் முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லி வச்சேன். இவன்கூட சரின்னான்" என்றார்.

சரிதா புருஷனைப் பார்த்தாள். விஜயராஜ் தட்டிலிருந்த கொழுக்கட்டையைத் தயிரில் புரட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ஆக, அவனுக்குத் தெரியும். அவளுடைய வேலை, அவளுடைய சீனியாரிட்டி, அவளுடைய காலம். அதை அப்பாவும் பிள்ளையும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். போனில் அவளிடம் பேப்பர் போட்டிருக்கேன் என்றவன், அதே போனில் அப்பாவிடம் சரி என்றிருக்கிறான்.

அவள் கத்தவில்லை. வெங்காயக் கிண்ணத்தைப் பாயில் வைத்தாள். அடுக்களைக்குப் போனாள். அடுப்பை அணைத்தாள். கொதி அடங்கிய தண்ணீரில் இரண்டாவது ஈடு முழுக்க அப்படியே அடியில் கிடந்தது. திரும்பி வந்து அடுக்களை வாசப்படியில், வழியை மறித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்னாச்சி, காஸ் தீந்துடுச்சா?" என்று கேட்டார் கொளஞ்சிநாதன்.

"இல்ல மாமா. ஸ்டிரைக்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"ஒரே கோரிக்கைதான் மாமா" என்றாள். "எங்களக் கூட்டிக்கினு போற தேதிய உங்க புள்ள சொல்லணும். இல்ல, கூட்டிக்கினு போக மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். ரெண்டுல ஒண்ணு சொல்றவரைக்கும் இந்த வூட்ல அடுப்பு பத்தாது."

"ஏய், எழுந்திரு. மானத்த வாங்காத" என்றான் விஜயராஜ்.

"என் வேலைய எடுத்தீங்களே, அப்ப எங்க போச்சி மானம்?"

"ஆளுங்க சாப்பிட வந்திருக்காங்க."

"சாப்பிடட்டும். நான் யாரையும் வேணாங்கல."

அப்போதுதான் பெரியண்ணன் தட்டைக் கீழே வைத்தார். அதில் ஒன்றரைக் கொழுக்கட்டை மிச்சமிருந்தது. "மன்னிச்சிக்க கொளஞ்சி. ஸ்டிரைக்குனு சொல்லிட்டா. இனி நான் இத தொட முடியாது" என்றார்.

இதுவும் வெளியூர்க்காரனுக்குப் புரியாது. ஸ்டிரைக் நாளில் திருட்டுத்தனமாக உள்ளே போய் வேலை பார்க்கிறவனுக்கு இந்த ஊரில் கருங்காலி என்று பேர். குடிகாரன் என்று பேர் வாங்கினாலும் மன்னிப்பார்கள். கருங்காலி என்று பேர் வாங்கினவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகமாட்டார்கள், சாவுக்கும் போகமாட்டார்கள். கேட் முன்னால் வெயிலில் படுத்துப் பர்மனென்ட் ஆனவர்களுக்கு அது எலும்பில் ஏறிய பழக்கம். பெரியண்ணன் வைத்ததும் பக்கத்திலிருந்தவர் வைத்தார். அவருக்கு அடுத்தவர் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு வைத்தார். விளையாட்டாகக்கூட யாரும் அந்தப் பேரை வாங்கத் தயாராக இல்லை.

கொளஞ்சிநாதன் கையில் மட்டும் தட்டு இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பெரியண்ணனைப் பார்த்தார், பிறகு ஓசையில்லாமல் கீழே வைத்தார். "டேய், தேதிய சொல்லிட்டுப் போயேன்டா" என்றார் மகனிடம், பாதி கெஞ்சலாக.

"பாக்கலாம்ப்பா. எல்லாத்தையும் ஒடனே சொல்ல முடியுமா?"

பாக்கலாம் என்ற சொல் விழுந்ததும் பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் முகமெல்லாம் ஒரே மாதிரி மாறியது. அந்தக் காலத்துக் காண்ட்ராக்டர் ஒவ்வொரு வருஷமும் அவர்களிடம் சொன்ன சொல் அது. காதால் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொல்.

"அவனும் இதத்தான்டா சொன்னான்" என்றார் பெரியண்ணன்.

விருந்தாளிகள் தட்டை வைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைக் கலியம்மாளால் பார்க்க முடியவில்லை. பழகிய கை சும்மா இருக்காது. அடுக்களையை நோக்கி வந்தாள். சரிதாவைத் தாண்டிக் காலை எடுத்து உள்ளே வைத்து, காஸ் லைட்டரை எடுத்தாள். சரிதா அசையவில்லை. மாமியார் அவளிடம் கடுமையாக நடந்தவள் இல்லை. ஆனால் பிள்ளைக்கு எதிராக இதுவரை ஒரு வார்த்தை பேசியவளும் இல்லை.

"வேணாம் தங்கச்சி" என்றார் பெரியண்ணன். "ஸ்டிரைக் நடக்கிறப்ப அடுப்பு பத்த வெக்காத. கருங்காலின்னு பேரு வரும்."

கலியம்மாள் லைட்டரோடு திரும்பினாள்.

"கருங்காலியா?" என்றாள். "நீங்கள்லாம் கேட்டுல படுத்துகினு இருந்தப்ப ஒங்க எல்லாருக்கும் கஞ்சி காச்சிக் கொடுத்தது யாரு அண்ணே? ஒரு நாளு அடுப்ப அணைச்சனா? பர்மனென்ட் ஆனீங்க, ஷிப்டு போனீங்க, வாரத்துக்கு ஒரு நாளு லீவு எடுத்தீங்க, இப்ப ரிட்டையரும் ஆவறீங்க. நான் எப்ப ரிட்டையர் ஆவறது? எனக்கு எவன் சங்கம் வச்சான், நான் கருங்காலி ஆவறதுக்கு?"

பெரியண்ணன் பாயின் கோரையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார்.

கலியம்மாள் அடுக்களையிலிருந்து வெளியே வந்து லைட்டரை மகனிடம் நீட்டினாள். "நீ போய் பத்த வைடா. நீதான் பர்மனென்ட்டு."

"அம்மா, நீ வேற."

"எவளோ ஒரு அம்மாவுக்குக் கெழங்கு உரிக்கிற. தர துடைக்கிற. நல்லதுதான், புண்ணியம். எனக்கும் முழங்கால் வலிக்குதுன்னு ஒனக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கு வலிச்சா பாக்க இவ இருக்கா. அதுக்குத்தானே இவள இங்க வச்சிகினு இருக்க?" லைட்டரை இன்னும் அவனிடமே நீட்டிக்கொண்டிருந்தாள். "பேப்பர் போட்டியா இல்லியா? அத மட்டும் சொல்லு. என்கிட்ட பொய் சொல்லாத."

விஜயராஜ் லைட்டரை வாங்கவில்லை. சுவரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அப்பா பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"போடல" என்றான் கடைசியில்.

"இப்பவா, எப்பவுமேவா?" என்று கேட்டாள் சரிதா.

"எப்பவுமே போடல. போட்டா நீ வந்துடுவ. நீ வந்துட்டா இவங்கள யாரு பாக்கறது? சொன்னா நீ சண்ட போடுவ. அதான் சொல்லல."

சரிதா அதைக் கேட்டு அழுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. இரண்டரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. மகள் இளவேனிலுக்கு ஸ்வெட்டர் வாங்கி அலமாரியில் வைத்து, அது அவளுக்குச் சின்னதாகிப்போய், அடுத்த சைஸ் வாங்கி வைத்ததும் நினைவுக்கு வந்தது. பாவி, ஸ்வெட்டர் வாங்கும்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நெஞ்சு கொதித்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவனை நீ என்று சொன்னதில்லை அவள்.

"நீ எனக்குப் பண்ணதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்றாள். "ஒனக்கு அங்க பர்மனென்ட். எனக்கு இங்க ஒங்கப்பா அம்மாவுக்குக் காண்ட்ராக்ட்டு. கேட்டா பாக்கலாம். எங்கப்பன் வாழ்நாளெல்லாம் அந்த வார்த்தைய நம்பிச் செத்தான். நான் நம்ப மாட்டேன்."

எழுந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டிரைக் முடிஞ்சிது மாமா. கேட்டதுக்கு பதில் வந்துடுச்சி" என்றாள் கொளஞ்சிநாதனிடம். "நாளைக்குக் காலைல என்கூட காண்டீனுக்கு வாங்க. என் பேர எடுக்கச் சொன்ன வாயாலயே, எடுக்க வேணாம்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க. நான் ஊருக்கு வரல. குவார்ட்டர்ஸ காலி பண்றப்ப எனக்கும் புள்ளைக்கும் வெளிய ஒரு ரூமு பாத்துக்கறேன்."

கொளஞ்சிநாதன் உதவிக்கு யாராவது பேசுவார்களா என்று பாயைச் சுற்றிப் பார்த்தார். எல்லோருக்கும் அவரவர் தட்டு முக்கியமாக இருந்தது. விஜயராஜ் மட்டும், "அப்ப இவங்க?" என்றான், அம்மாவைக் கைகாட்டி.

கலியம்மாள் லைட்டரைப் பாயில் வைத்தாள். முட்டியில் கை ஊன்றி, மெல்லச் சுவரைப் பிடித்து நடந்து வந்து மருமகள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ரெண்டு பேருக்குப் பாக்காத" என்றாள் சரிதாவிடம். "மூணு பேருக்குப் பாரு."